அவசரத் தேவைக்குரிய சிறு பணத்தை எங்கே வைப்பது?

சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களுக்குப் பணத்தேவை நாள் பார்த்து வருவதில்லை. ஊரில் பெரியவர் ஒருவர் மறைந்தார் என்ற செய்தி நள்ளிரவில் வரும். குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் முன்பணம் கட்டவேண்டிய நிலை விடியற்காலையில் ஏற்படும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கொத்து வேலையும் கூலி வேலையும் வாரக்கணக்கில் நின்றுவிடும். அதே ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். இரயில்வேயில் பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்து பணிபுரியும் நாம், அவசரமாக ஊர் செல்ல வருவோரின் முகங்களை நாள்தோறும் காண்கிறோம். அவர்களுள் பலர் பணமில்லாதவர் அல்லர். பணம் இருந்தும் அந்த வேளைக்குக் கைக்கு வராதவர்.

ஆகவே இத்தகைய பணத்தைப் பற்றி முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எவ்வளவு வட்டி கிடைக்கும்?" என்பதன்று. "வேண்டிய நாளில், வேண்டிய இடத்தில், குறையாமல் திரும்பக் கிடைக்குமா?" என்பதே. பெண்ணின் திருமணத்துக்கும் வீட்டுமனைக்கும் சேர்க்கும் பணம் வேறு; மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ தேவைப்படக்கூடிய பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

இந்த வேற்றுமையை நம் வட்டாரம் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. திருவிதாங்கூரில் இரண்டு பெரிய வங்கிகள் 1937-ஆம் ஆண்டு ஒன்றாக இணைந்து 'திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு' என்ற பெயர் பெற்றன. மறு ஆண்டிலேயே, 1938 ஜூன் மாதத்தில், அது கதவடைத்தது. பின்னர் 1960 ஆகஸ்டில் பாலா சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. இந்த இரண்டாம் வீழ்ச்சியின் அதிர்ச்சியே நாடெங்கும் வைப்புப் பணத்துக்குக் காப்புறுதி செய்யும் சட்டம் பிறக்க வழிவகுத்தது. 1962 ஜனவரி முதல் நாள் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரையில்தான் காப்பு இருந்தது. 2020 பிப்ரவரி முதல் அது 5 இலட்சம் ரூபாயாக உயர்ந்துள்ளது.

இதனைவிட நமக்கு அண்மையில் நடந்தது 2017-ஆம் ஆண்டுச் செய்தி. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. காரோட்டிலும் பாறசாலையிலும் வாழும் நம்மவர்க்கு உறவு ஒருபுறமும் வருவாய் ஒருபுறமுமாக அமைந்தன. கொடுக்கல் வாங்கலும் எல்லையைக் கடந்தே நடந்தது. எல்லையை ஒட்டிய மத்தம்பாலையில் இயங்கிவந்த 'நிர்மல் கிருஷ்ணா' என்னும் நிதி நிறுவனத்தில் இரு மாநிலத்தாரும் பணம் போட்டிருந்தனர். 2017-இல் அது மூடப்பட்டது. திருவனந்தபுரம் நீதிமன்றத்தில் நொடிப்பு மனு தாக்கலாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சீட்டையும் இரசீதையும் கையில் ஏந்தித் தெருவில் நின்றன. வழக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும், அடுத்த வாரம் மருத்துவமனைக்குக் கட்டவேண்டிய பணம் அடுத்த வாரம் வரவில்லை என்பதே அவர்கள் துன்பத்தின் சாரம்.

இனி, சிறு தொகைக்கு வட்டி என்பது எவ்வளவு பெரிய ஆதாயம் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாயை மூன்று மாதம் வைப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் தரும் வங்கியில் 62 ரூபாய் 50 காசு கிடைக்கும். நூற்றுக்கு நான்கு வீதம் தரும் அஞ்சலகத்தில் 100 ரூபாய் கிடைக்கும். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் தருவதாக ஒரு தனியார் ஆசை காட்டினால் 600 ரூபாய் கிடைக்கும். அஞ்சலகத்தைவிட 500 ரூபாய் மிகுதி. அந்த ஐந்நூறுக்காகப் பத்தாயிரத்தையும் பணயம் வைப்பது முறையோ என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எங்கெங்கு வைக்கலாம் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, வீடு. நம் பெண்மணிகள் அரிசிப் பானையிலும் சுருக்குப்பையிலும் சேர்த்து வைக்கும் சிறுவாட்டுப் பணம் எத்தனையோ குடும்பங்களின் மானத்தைக் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் கடையடைப்பு நாளும் அதனைத் தடுப்பதில்லை. எனினும் கள்வர்க்கும் கறையானுக்கும் அது எளிது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லா என அறிவிக்கப்பட்டபோது பெட்டிப் பணத்தோடு தாய்மார் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கலாகாது. ஆகவே ஒரு வாரச் செலவுக்கும் ஒரு முறை ஊர் சென்று திரும்புவதற்கும் போதுமான அளவே வீட்டில் இருத்தல் நலம்.

இரண்டாவது, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு. 1882-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடந்துவரும் இந்த ஏற்பாட்டில் போட்ட பணத்துக்கு அரசே பொறுப்பு. 500 ரூபாயில் கணக்குத் தொடங்கலாம். 2011 டிசம்பர் முதல் வட்டி நூற்றுக்கு நான்காக இருந்துவருகிறது. இங்கு ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்கும் மாத முடிவுக்கும் இடையே கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே வட்டி கணக்கிடப்படும். ஆகையால் சம்பளம் வந்தவுடன், 10-ஆம் தேதிக்குள் செலுத்திவிடுவது சிறப்பு. அஞ்சலகங்கள் கணினி வழியே இணைக்கப்பட்டிருப்பதால் பாறசாலையில் தொடங்கிய கணக்கை நாகர்கோவிலிலும் பயன்படுத்தலாம். இடம் மாறி வாழ்வோர்க்கு இது பெரிய வசதி.

மூன்றாவது, வங்கிச் சேமிப்புக் கணக்கு. வட்டி குறைவாயினும், பணம் வழங்கும் இயந்திரம் எந்த நேரத்திலும் கைகொடுக்கும். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கேட்டுப் பெறலாம். ஏழு நாள் முதற்கொண்டு குறுங்கால வைப்பும் வங்கிகளில் உண்டு. தவணைக்கு முன் தேவைப்பட்டால் சிறிது வட்டி இழந்து எடுத்துக்கொள்ளலாம். அஞ்சலகத்தின் ஓராண்டு வைப்போ முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்க இயலாதது. எனவே அது அவசரப் பணத்துக்குப் பொருந்தாது.

காப்புறுதி இருப்பினும் ஒன்று நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு வங்கியின் மீது ரிசர்வ் வங்கி தடை விதித்தால், காப்புத் தொகையை 90 நாளுக்குள் வழங்கவேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். முதல் காக்கப்படுகிறது, நாள் காக்கப்படவில்லை. மூன்று மாதம் காத்திருக்க நம்மால் இயலுமா? இதனாலேயே சிறு தொகையாயினும் இரண்டு இடங்களில் பிரித்து வைக்கச் சொல்லுகிறோம்.

நான்காவது, கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள். அருகில் உள்ளவை, முகமறிந்தவை. நாட்டுப்புறத்துக்கு அவை செய்த தொண்டு பெரிது. ஆனால் தொடக்க நிலைக் கடன் சங்கங்கள் மேற்சொன்ன வங்கிக் காப்புறுதிக்குள் வருவதில்லை. 2021-இல் திருச்சூர் மாவட்டம் கருவன்னூரில் முறைகேடு வெளிப்பட்டபோது வைப்பாளர்கள் தம் பணத்துக்காக அலைய நேர்ந்தது. எனவே முழுத்தொகையையும் அங்கேயே வைத்தல் தகாது.

ஐந்தாவது, சிட்டி. 1969-இல் கேரள அரசு நிறுவிய கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டிகள் நம்பத்தக்கவை. ஆயினும் முதல் மாதங்களில் ஏலம் எடுத்தால் கழிவு மிகுதி. எடுத்த பணத்தைப் பெற ஜாமீன் காட்டவும் வேண்டும். மனைக்கும் மணத்துக்கும் அது ஏற்றது. நாளைய அவசரத்துக்கு ஏற்றதன்று. நகையும் அவ்வாறே. வாங்கும்போது செய்கூலி போகும். விற்கும்போது அது திரும்பாது.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் 20,000 ரூபாய் ஒதுக்க முடிந்தால், 2,000 வீட்டிலும், 8,000 இயந்திர அட்டையுள்ள வங்கிக் கணக்கிலும், 10,000 அஞ்சலகச் சேமிப்பிலும் இருக்கலாம். இரண்டாயிரம் மட்டுமே ஒதுக்க முடிந்தவர், வழிச்செலவுக்கு வேண்டியதை வீட்டில் வைத்து மீதியை ஒரே கணக்கில் போட்டாலும் போதும். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் உறுப்பினராயுள்ள பெண்மணிகள் வாரந்தோறும் சேர்க்கும் சிக்கனப் பணம், வேண்டியபோது சிறு கடன் பெறவும் உதவும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கணக்கு குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் இருக்க, அவர் தொலைவூரில் வேலையில் இருக்கும்போதோ, அவருக்கே ஏதேனும் நேர்ந்துவிட்டபோதோ, மனைவியார் வெறுங்கையோடு நிற்கும் நிலை பல இல்லங்களில் ஏற்படுகிறது. கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவருள் எவரும் எடுக்கலாம் என்ற விதியோடு கணக்கை வையுங்கள். நியமனப் படிவத்தைத் தவறாது நிரப்புங்கள். பாஸ் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். இந்த மாதச் சம்பளம் கைக்கு வந்தவுடன், 10-ஆம் தேதிக்கு முன்னரே, இவற்றுள் ஒன்றையேனும் செய்து முடிக்குமாறு நம் சங்கக் குடும்பங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.