போன ரெக்கார்டு திரும்பி வருமா?



எங்கள் பேட்ச் பிராஜெக்ட் லைப்ரரி மேனேஜ்மென்ட். மூன்று வாரம் மாறி மாறி உட்கார்ந்து 1,400 புத்தகங்களின் விவரத்தை மைஎஸ்க்யூஎல்-லில் ஏற்றியிருந்தோம். ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரே ஒரு தப்பு என்ட்ரியை நீக்கப் போய், டெலீட் கமாண்டில் 'வேர்' கண்டிஷன் போடாமல் என்டரைத் தட்டிவிட்டேன். 1,400 வரிகளும் காலி என்று திரையில் வந்தது. பக்கத்திலிருந்த நண்பன் ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

லேப் சார் வந்து முதலில் சொன்னது, "யாரும் எதையும் தொடாதீங்கப்பா" என்பதுதான். காரணம் இருக்கிறது. டெலீட் என்றதும் டேட்டா உடனே அழிந்துவிடுவதில்லை; 'இந்த இடம் காலி' என்று குறிக்கப்படுகிறது. மேற்கொண்டு எழுத எழுதத்தான் பழையது நிஜமாகவே போகும்.

டிபேஸ், ஃபாக்ஸ்புரோ ஃபைல்களில் இது பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னால் ஒரு பைட் உண்டு. அதில் வெற்றிடம் இருந்தால் ரெக்கார்டு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரக் குறி இருந்தால் டெலீட் ஆனது. 'ரீகால் ஆல்' கொடுத்தால் குறி மறைந்து எல்லாம் திரும்பி வரும். 'பேக்' கொடுத்தபிறகுதான் கதை முடியும். 'ஜாப்' இன்னும் மோசம், டேபிளே மொத்தமாகக் காலி.

மைஎஸ்க்யூஎல்-லில் அப்படி ரீகால் கிடையாது. ரோல்பேக் இருக்கிறதே என்பீர்கள். அதற்கு முன்கூட்டியே 'ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன்' கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கமாண்டும் தானாகவே கமிட் ஆகிவிடும். ஆரக்கிளில் கமிட் ஆன பிறகும் கொஞ்ச நேரத்துக்கு முந்தைய நிலையைப் பார்க்க ஃப்ளாஷ்பேக் க்வெரி உண்டு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எங்களைக் காப்பாற்றியது இரண்டு. ஒன்று, நாலு நாள் முன்பு நண்பன் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த டம்ப். மற்றது பைனரி லாக். டேபிளில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதி வைக்கும் நாட்குறிப்பு இது, 8.0 வெர்ஷனிலிருந்து தானாகவே ஆனில் இருக்கும். லாக் ஃபைல்களைக் காப்பி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் முதலில் டம்பை ஏற்றினோம். பிறகு டம்ப் எடுத்த நேரத்திலிருந்து, என் டெலீட்டுக்கு முந்தைய இடம் வரை லாக்கை ஓட்டினோம். அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. ஒரு வரி தாண்டி நிறுத்தியிருந்தால் என் டெலீட்டும் சேர்ந்தே ஓடியிருக்கும்!

பெரிய இடத்திலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு எஞ்சினியர் துணை சர்வரில் அழிக்க நினைத்ததைத் தவறுதலாக மெயின் சர்வரில் அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால் அந்த இடம் காலி. வெர்ஷன் பொருந்தாமல் அது நின்றுபோயிருந்ததும், எச்சரிக்கை மெயில்கள் போய்ச் சேராததும் அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று கைகொடுத்தது. அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். டம்ப் எடுத்தால் மட்டும் போதாது, ஒருமுறை ஏற்றிப் பார்க்கவும் வேண்டும் என்று சார் ஏன் நச்சரிக்கிறார் என்று இப்போது புரிகிறது.

ராத்திரி பத்தரைக்கு 1,400-ம் வந்து சேர்ந்தன, அந்தத் தப்பு என்ட்ரி உட்பட. அதை நீக்குமுன் அதே கண்டிஷனை வைத்து முதலில் 'செலக்ட்' போட்டேன். ஒரே ஒரு வரிதான் வந்தது. அப்புறம்தான் டெலீட்.