கருவி மாறலாம், கணக்கு மாறக்கூடாது

வத்தலக்குண்டில் வீட்டிலிருந்தபடியே செல்போனில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆவணத்தைப் பதிவேற்றும்போது ‘கோப்பின் அளவு அதிகம்’ என்று வருகிறது. ‘சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று மூடிவிடுகிறீர்கள். உங்களைப் போல எத்தனை பேர் அதே இடத்தில் திரும்பிப் போனார்கள்? இது தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்!

இந்தக் கணக்கை எடுக்கும் கருவிகளைப் பல நிறுவனங்கள் தருகின்றன. ஒவ்வொன்றும் தன் பாணியில் பெயர் வைக்கும். கருவியை மாற்றினால் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துப்போகாது. கூகுளின் ‘யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்’ 2023 ஜூலை 1 முதல் படிப்படியாக நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த தளங்கள் வேறு முறைக்கு மாற வேண்டியிருந்தது.

இதற்கு என்ன வழி? ‘தரவு அடுக்கு’. இது பக்கத்துக்குள்ளேயே இருக்கும் பொதுக் குறிப்பேடு. எந்தச் சேவை, எந்தப் படி, என்ன ஆயிற்று என்பதை, தான் முடிவுசெய்த பெயர்களில் தளமே எழுதி வைக்கும். எந்த நிறுவனத்தின் கருவியும் அதைப் படித்துக்கொள்ளலாம். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் யாருடைய தராசில் நிறுத்தாலும் கிலோ கிலோதானே! இதற்கான பொது வடிவம் ஒன்றை டபிள்யூ3சி அமைப்பின் சமூகக் குழு 2013 டிசம்பரில் வெளியிட்டது.

ஆனால் ஒன்று. அந்த ஏட்டில் உங்கள் பெயரோ, ஆதார் எண்ணோ, கைபேசி எண்ணோ ஏறக்கூடாது. ‘வருமானச் சான்று, ஆவணப் பதிவேற்றம், கோப்பின் அளவு அதிகம்’ என்பது மட்டும் போதும். நீங்கள் யாரென்று தெரியாமலே உங்கள் சிரமம் தெரிந்துவிடும்.