விலைச்சீட்டின் கடைசி வரி

லயங்களுக்குக் கூரை மாற்றுவது, தோட்டப் பாதைகளைச் செப்பனிடுவது, உரம் போடுவது முதலிய வேலைகளைக் கொந்தராத்துக்கு எடுத்து நடத்தி, ஐம்பது அறுபது ஆட்களின் சம்பளக் கணக்கைப் பல வருஷங்களாகக் கொப்பியிலேயே எழுதி வந்த ஹட்டன் பக்கத்து மனிதர் ஒருவர், கணக்கு மென்பொருள் வாங்க உத்தேசித்துக் கொழும்பில் விலை விசாரிப்பாரானால், அவர் கைக்கு வரும் விலைச்சீட்டில் மாதக் கட்டணம் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆரம்ப அமைப்புச் செலவு என்பது கடைசியில் ஒரு வரியாக ஒதுங்கியிருக்கும். விவகாரம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வியாபாரக் கணக்கைக் கணினியில் அன்றாடக் காரியமாக நடத்தத் துணிந்த முதல் ஸ்தாபனம், இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பனி என்பது தேயிலைச் சீமையில் பலருக்குத் தெரியாத விஷயம். 'லியோ' என்று தாங்களே பெயரிட்டுக் கட்டிய அந்த இயந்திரம் 1951இல் ரொட்டிச்சாலைக் கணக்கைப் போடத் தொடங்கிற்று. பிற்பாடு சம்பளக் கணக்கும் தேயிலைக் கலவைக் கணக்குங்கூட அதற்கு வந்து சேர்ந்தன. காரியாலயத்தில் ஒவ்வொரு வேலையும் எப்படி நடக்கிறது என்பதை டேவிட் காமினர் முதலியோர் சிரத்தையாக ஆராய்ந்து எழுதிய பின்னரே அது இயந்திரத்துக்குப் போயிற்று. இன்று ஆரம்பச் செலவு என்று நம்மிடம் கேட்கப்படும் பணத்தில் பெரும்பங்கு அந்த ஆராய்ச்சிக்கு உரியது.

மலைநாட்டில் அது லேசான வேலையன்று. இங்கே ஒரு நாள் வேலைக்குக் கூலியாளுக்குப் 'பேர்' விழும்; மழை பிடித்து இடையில் நின்றாலோ குறித்த அளவு முடியாவிட்டாலோ 'அரைப்பேர்'தான். முழுநாளும் மணிக்கணக்கும் மாத்திரமே அறிந்த மென்பொருளுக்கு அரைப்பேர் என்பது விளங்காது. விளங்கவைப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஆளிடம் பிடிக்கும் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதமும் எந்தெந்தத் தொகையின்மேல் கணிக்கப்படவேண்டும் என்பதையும் அப்போதே திட்டப்படுத்திவிட வேண்டும்.

இதனினும் கடினமானது பெயர்ப் பதிவு. ஒரே தோட்டத்தில் மூன்று லெட்சுமிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி பிறப்புச் சான்றிதழில் லட்சுமி, அடையாள அட்டையில் லெட்சுமி, சேமலாப நிதிக் காகிதத்திலோ தலையெழுத்தே மாறிய வேறொருத்தி. சிலருக்குப் பழைய ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்துமுள்ள அட்டை. 2016க்குப் பின் எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டு இலக்கம். இவற்றை ஒத்துப்பார்த்துத் திருத்தும் பொறுப்பைக் கம்பனி ஏற்பது அரிது. பிழையோடு உள்ளே போன பெயர் எத்தனை வருஷமானாலும் பிழையாகவே இருக்கும். வேலையை விட்டுப் பணத்தைக் கேட்கப் போகும் நாளில் அலைச்சல் அந்தக் கிழவிக்கேயொழிய மென்பொருள் விற்றவருக்கல்ல.

ஆகையால் விலை பேசுமுன், பழைய கணக்கை ஏற்றுபவர் யார், பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து ஆள் வருவாரா, வந்தால் பிரயாணச் செலவு யாருடையது, சொன்ன தொகையில் பெறுமதி சேர் வரி அடங்குமா, நாளை வேறிடம் போக நினைத்தால் நம் கணக்கை முழுமையாகத் திருப்பிக் கொடுப்பார்களா என்பவற்றையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்வது உசிதம். வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பம் வைப்பது நம்மவர்களின் பழைய பலவீனம்.

புதிய முறை வந்த மறுநாளே கொப்பியை மூடிவிடவும் கூடாது. பத்தாந்தேதிச் சம்பளம் இரண்டு தடவையாவது கொப்பியிலும் கணினியிலும் போடப்பட்டு, ஆளுக்கு ஆள் ஒத்துப்பார்க்கப்பட வேண்டும். அந்த இரண்டு மாதமும் விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து வேலை செய்யும் கிளாக்கருக்குக் கொடுக்கவேண்டிய மேலதிகச் சம்பளம் எந்தக் கம்பனியின் விலைச்சீட்டிலும் இராது. அதை வாங்குபவர்தான் தம் கையால் எழுதிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.