விளையாடிக்கிட்டே படிக்க முடியுமா?



"கம்ப்யூட்டர்ல விளையாடினா படிப்பு கெட்டுப்போகும்" என்கிறார்கள் பெரியவர்கள். "விளையாடினாலே எல்லாம் வந்துடும்" என்கிறார்கள் நம்ம பசங்க. எது சரி? மனிதர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்று ஆராய்ந்த மூன்று அறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போமா?

1. உடனே தெரியணும்: ஸ்கின்னர்

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் 1953-இல் தன் மகள் படித்த கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு, சரியா தப்பா என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தார்கள். செய்ததற்கு உடனே பலன் தெரிந்தால்தான் பழக்கம் படியும் என்பது அவர் கொள்கை. அதனால் விடை சரியா என்று உடனே காட்டும் கற்பிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார்.

'டக்ஸ் மேத்' என்று ஓர் இலவச விளையாட்டு இருக்கிறது. மேலிருந்து கணக்குகள் விழும். விடையைத் தட்டினால் வெடித்துவிடும். விட்டுட்டா பென்குவின் வீடு போச்சு! நோட்டு திருத்தி வரும் வரை காத்திருக்க வேண்டாம். வாய்ப்பாடு பழக இது நல்லது.

ஆனால் நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும் விளையாட்டும் உண்டு. அதில் கண்ணை மூடிக்கிட்டுத் தட்டினாலும் நாலுக்கு ஒரு தடவை நட்சத்திரம் விழும். அப்போ நாம கத்துக்கிட்டது கணக்கு இல்லை, தட்டுவது!

2. செய்து பார்க்கணும்: பேப்பர்ட்

சீமோர் பேப்பர்ட் 1967-இல் நண்பர்களோடு சேர்ந்து 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதில் ஓர் ஆமை, நாம் சொல்கிறபடி நடந்து கோடு போடும். 100 அடி நட, 90 டிகிரி திரும்பு என்று நான்கு முறை சொன்னால் சதுரம். சரி, சமபக்க முக்கோணத்துக்கு?

கோணம் 60 தானே என்று மூன்று முறை 60 கொடுத்தால் முக்கோணம் மூடாது. ஏன்? ஆமை திரும்புவது வெளிக்கோணத்தில். 180-இல் 60 போனால் 120. புத்தகத்தில் படிக்கும் வெளிக்கோணம் இங்கே கண்ணுக்கே தெரியுது. தப்பானால் மார்க் குறையாது, திரும்பவும் போட்டுப் பார்க்கலாம்.

3. கூட ஒருத்தர் வேணும்: வைகாட்ஸ்கி

ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி (1896–1934) சொன்னது இது: தனியாகச் செய்ய முடியாததை, தெரிந்தவர் துணையோடு செய்ய முடியும். அந்த இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. பல்லாங்குழியில் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா சொல்லித் தருகிற மாதிரி.

துணை ஏன் வேணும் என்பதற்கு ஓர் உதாரணம். 1971-இல் அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் மூன்று பேர் வரலாற்றுப் பாடத்துக்காக 'ஓரிகன் டிரெயில்' விளையாட்டைச் செய்தார்கள். மாட்டு வண்டியில் மேற்கே குடியேறப் போகணும். 700 டாலரில் மாடு, சாப்பாடு, துணி வாங்கணும். துணி குறைந்தால் வழியில் குளிரில் திண்டாடணும். நல்ல விளையாட்டுதான். ஆனால் அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த பழங்குடி மக்களின் பக்கத்தை அது சரியாகச் சொல்லவில்லை. 2021-இல் வந்த புதுப் பதிப்புக்குத்தான் பழங்குடி வரலாற்று அறிஞர்களிடம் கேட்டார்கள். திரையில் வருவதெல்லாம் உண்மையா என்று கேட்க வைக்க ஆசிரியர் வேணும்.

நம்ம வகுப்புக்கு

ஒரு கம்ப்யூட்டருக்கு நாலைந்து பேர் உட்காருகிறோம். மவுஸ் யார் கையில் போகுதோ, மணி அடிக்கிற வரை அவங்க கையில்தான். மற்றவங்க வேடிக்கை. பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பது பெண் பிள்ளைகள். வீட்டிலும் போன் அண்ணன் தம்பி கையில்தான். உடனே விடை தெரிவதும், செய்து பார்ப்பதும் மவுஸ் பிடித்தவருக்கு மட்டும்தானே கிடைக்கும்? வேடிக்கை பார்க்கிறவருக்கு எந்தக் கொள்கையும் உதவாது.

அதனால் இரண்டு வேண்டுகோள். ஒன்று, 5 நிமிடத்துக்கு ஒரு முறை மவுஸ் கை மாறட்டும். இரண்டு, கடைசி 5 நிமிடம் கம்ப்யூட்டரை விட்டுட்டு, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று ஆசிரியர் எல்லோரையும் கேட்கட்டும்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். எப்படிக் கறந்தாலும் பால் எல்லோருக்கும் கிடைக்கணும் இல்லையா?


– ஒன்பதாம் வகுப்பு மாணவி