புள்ளி வைத்தாலும் அதே முகவரிதான்

முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக்கடன் தவணை நினைவூட்டல், யாருடையதோ ரத்தப் பரிசோதனை அறிக்கை, எவரோ எடுத்த பேருந்து டிக்கெட். இவை தங்கள் ஜிமெயிலுக்கு வந்து விழும்போது, கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று பலர் பதறிப்போகிறார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருக்காது. அதே பெயர் கொண்ட வேறொருவர், தன்னுடையது என்று நினைத்து அந்த முகவரியை எங்கோ எழுதிக் கொடுத்திருப்பார்.

தமிழர்களுக்கு இது நேர வாய்ப்பு கூடுதல். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு நம் பெயர். ஒரே இனிஷியலும் ஒரே பெயரும் உள்ளவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருப்பார்கள். 2004-ல் தொடங்கிய ஜிமெயிலோ, @ குறிக்கு முன்னால் வரும் புள்ளிகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் விட்டாலும் மெயில் ஒரே பெட்டிக்குத்தான் போகும். புள்ளியை மட்டும் மாற்றி இன்னொருவர் புதுக் கணக்கு தொடங்கவும் முடியாது. எனவே, புள்ளி வைத்த முகவரி தன்னுடையது என்று நம்பும் அந்த அன்பருக்கு உண்மையில் வேறு முகவரி இருக்கும். கடைசியில் உள்ள எண்ணை மறந்திருப்பார். (அலுவலகங்களும் கல்லூரிகளும் தங்கள் பெயரில் நடத்தும் முகவரிகளில் புள்ளிக்கு மதிப்பு உண்டு.)

இந்தப் புள்ளியை வைத்தே ஏமாற்றவும் முடியும் என்பது 2018-ல் பரவலாகப் பேசப்பட்டது. ஜிமெயிலுக்கு ஒன்றாகத் தெரியும் இரு வடிவங்கள், ஓர் ஓடிடி நிறுவனத்தின் கணினிக்கு இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தெரியும். ஆகவே உங்கள் முகவரியில் புள்ளியை இடம் மாற்றி ஒருவர் அங்கே கணக்கு தொடங்கி, சீக்கிரம் செல்லாமல் போகும் கார்டைக் கொடுத்துவைப்பார். பிறகு, ‘கார்டு ஏற்கப்படவில்லை, புதிய விவரம் தாருங்கள்’ என்று உங்களுக்கு மெயில் வரும். அது போலி அல்ல, நிறுவனமே அனுப்பிய அசல் மெயில். நம் கணக்குதானே என்று நீங்கள் கார்டு எண்ணைப் போட்டால், அவருடைய சந்தாவை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல், செயலியை நேரடியாகத் திறந்து பார்ப்பதுதான் தற்காப்பு. மெயில் யாருக்கு என்ற வரியில் புள்ளி எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்கலாம்.

நீங்கள் அனுப்பாத மெயில் உங்கள் முகவரியிலிருந்து ஊரெல்லாம் போவது இன்னும் கொடுமை. ‘நீ அனுப்பிய லிங்க் என்னது?’ என்று நண்பர் கேட்பார். உங்கள் ‘அனுப்பியவை’ பகுதியில் எதுவும் இருக்காது. ஆனால் போய்ச் சேராத மெயில்கள் எல்லாம் உங்களிடம் திரும்பி வந்து குவியும்.

இது எப்படிச் சாத்தியம்? ரே டாம்லின்சன் 1971-ல் @ குறியைப் போட்டு மெயில் அனுப்பினார். இன்றும் மெயிலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி விதிகளை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார். அன்று வலையில் இருந்தவை பெரும்பாலும் ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும்தான். அனுப்புவது யார் என்று சோதிக்கும் ஏற்பாடு அந்த விதிகளில் இல்லை. தபால் உறையின் மேல் ஒரு பெயரும் உள்ளே கடிதத்தில் வேறொரு பெயரும் எழுதினால் தபால்காரர் கேட்பாரா? மெயிலிலும் அப்படி இரண்டு இடங்களில் அனுப்புநர் பெயர் உண்டு. நாம் திரையில் காண்பது உள்ளே எழுதியதை. அங்கே எவரும் எதையும் எழுதலாம்.

இந்த ஓட்டையைப் பின்னால் வந்த மூன்று ஏற்பாடுகள் அடைத்தன. எந்தெந்தக் கணினிகள் தன் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று ஒரு டொமைன் (@ குறிக்குப் பின் வரும் பெயர்) பட்டியல் வெளியிடுவது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டு, அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை யாவரும் பார்க்க வைப்பது டிகேஐஎம். இவற்றில் ஒன்றாவது தேறி, அது திரையில் தெரியும் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். பொருந்தாததை ஒதுக்கவோ நிராகரிக்கவோ டொமைன்காரர் அதில் சொல்லிவைக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அதே மாதம் இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது.

ஆனால் டிமார்க் காப்பது அந்த ஒரு டொமைனை மட்டுமே. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்குபவரை அது தடுக்காது. இந்திய வங்கிகளுக்கு மட்டும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற முடிவை ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்ததன் நோக்கம் அத்தகையவர்களைத் தடுப்பதுதான். மொபைலில் அனுப்புநரின் பெயர் மட்டும் தெரிந்து முகவரி மறைந்திருப்பதும் ஏமாற்றுவோருக்கு வசதி. பெயரைத் தொட்டு முகவரியைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் முகவரியை யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின், @ குறிக்கு முன், கூட்டல் குறியிட்டு கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் மெயில் உங்களுக்கே வரும்; அந்த வடிவத்துக்குக் குப்பை வந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். ஆனால் கூட்டலை நறுக்கிவிட்டு அசல் முகவரியை எடுத்துக்கொள்வது குப்பை அனுப்புவோருக்குச் சிரமமே அல்ல. ஆப்பிளின் ‘ஹைட் மை ஈமெயில்’, மொசில்லாவின் ‘ஃபயர்ஃபாக்ஸ் ரிலே’ போன்றவை தளத்துக்கு ஒரு மாற்று முகவரி தருகின்றன. தொல்லை வந்தால் அதை மட்டும் அணைத்துவிடலாம். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

வேறொருவர் உங்கள் முகவரியில் தொடங்கிய கணக்குக்குள், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தி நுழைய உங்களால் முடியும். செய்யாதீர்கள், அது பிறர் கணக்கு. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதி முகவரியை நீக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் மோசடி நடந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

உண்மையில் இந்தச் சுமை நம் தலையில் விழவே கூடாது. மொபைல் எண்ணுக்கு ஓடிபி வராமல் நம் ஊரில் ஒரு படிவமும் நகர்வதில்லை. மெயில் முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தபடியே ஏற்றுக்கொள்கிற நிறுவனங்கள் எத்தனையோ. முதலில் ஒரு சோதனை மெயில் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை உரியவர் அழுத்திய பிறகே மற்றவற்றை அனுப்புவது என்று வைத்தால் இந்தத் தவறுகளில் பெரும்பகுதி நடக்காது, செலவும் இல்லை. ஒருவரின் நோய் விவரம் இன்னொருவர் பெட்டிக்குப் போவதைச் சின்ன எழுத்துப்பிழையாக விட்டுவிட முடியாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவு தற்செயலாக வெளிப்பட்டுப் பாதுகாப்பு குலைவதையும் தரவு மீறல் என்றே வரையறுக்கிறது.