சனிக்கிழமை மேசைக்கு வரும் தண்ணீர் பில்கள்

கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் மேசை போட்டு உட்காருகிறேன். ஆங்கிலத்தில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. சம்பளம் இல்லை. முன்பு விசா, பாடசாலை இடம், கவுன்சில் வீடு என்றுதான் வருவார்கள். 2025 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்ணீர்க் கட்டணம் சராசரியாக 26 சதவீதம் ஏறி, வீட்டுக்கு வருடம் 603 பவுண் என்று ஆனது. அதன்பின் தண்ணீர் பில்லோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

ஓர் அக்காவும் அப்படித்தான் வந்தார். நாலு பிள்ளைகள். கணவருக்குக் கடையில் இரவு வேலை. வருமானம் போதாமல் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவி எடுக்கிறார்கள். கடைசிப் பிள்ளைக்கு எக்ஸிமா. தோல் வெடித்து உதிரும். குளிக்கவார்த்து மருந்து பூச வேண்டும், படுக்கை விரிப்பை அடிக்கடி தோய்க்க வேண்டும். பில்லுக்குப் பயந்து பிள்ளையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வார்க்கிறேன் என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். ஊரில் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளிக் குளித்து வளர்ந்த மனுசி. எனக்கு நெஞ்சு அடைத்துப் போனது.

அவருடைய வீட்டில் தண்ணீர் ஒன்றும் வீணாகவில்லை. இந்த நாட்டில் ஒருவர் நாளொன்றுக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 140 லீற்றர். ஆறு பேருக்கு 840 லீற்றர். வருடத்துக்கு 300 கனமீற்றரைத் தாண்டும். உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு கட்டணம், அது கழிவாக வெளியேறுவதற்கு இன்னொரு கட்டணம். இரண்டையும் அதே மீற்றரை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மீற்றர் இல்லாத பழைய வீடுகளில் வீட்டின் பழைய வரிமதிப்புப்படி கட்டலாம். அங்கே இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் தொகை ஒன்றுதான். ஆகவே மீற்றர் பூட்டியதும் முதலில் அடி விழுவது பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கும் நோயாளி இருக்கும் வீட்டுக்கும்.

இது அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயமல்ல. 1989இல் தண்ணீர் சபைகள் தனியார் கம்பனிகளாயின. 1990களின் தொடக்கத்தில் காசு கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளில் தண்ணீரை வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து, 1999இல் வந்த சட்டம் குடியிருக்கும் வீட்டுக்குத் தண்ணீரை வெட்டக்கூடாது என்று தடுத்தது. “வெட்டிப்போடுவாங்களோ தங்கச்சி?” என்று மேசைக்கு வருகிற பாதிப்பேர் கேட்கிறார்கள். வெட்ட முடியாது. கடன் ஏறும், கடிதம் வரும், வழக்கும் வரலாம். ஆனால் குழாயில் தண்ணீர் நிற்காது.

அதே 1999இல் வந்த விதிகளில் பிறந்ததுதான் இன்று வோட்டர்ஷுவர் என்று சொல்லப்படும் உதவி. இங்கிலாந்தின் தண்ணீர்க் கம்பனிகள் எல்லாம் இதைக் கொடுத்தே ஆகவேண்டும். மீற்றர் எவ்வளவு ஓடினாலும், அந்தக் கம்பனியின் மீற்றர் வீடுகளின் சராசரி பில்லுக்கு மேல் உங்களிடம் வாங்கமாட்டார்கள். உங்கள் பில் சராசரியைவிடக் குறைந்தால் அந்தக் குறைந்த தொகையைக் கட்டினால் போதும். விட்டுக்கொடுக்கும் காசு அதே கம்பனியின் மற்ற வாடிக்கையாளர்களின் பில்களில் பரவிவிடுகிறது. நானும் கட்டுகிறேன், மனமுவந்து கட்டுகிறேன்.

இதற்குத் தகுதி பெற, வீட்டில் யாராவது யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிபிட் போன்ற உதவி ஒன்றை எடுக்க வேண்டும். அதோடு, 19 வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளாவது இருக்க வேண்டும். அல்லது கூடுதல் தண்ணீர் கட்டாயம் தேவைப்படும் நோய் ஒருவருக்கு இருக்க வேண்டும். உதிரும் அல்லது நீர்வடியும் தோல் நோய், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, குரோன்ஸ் என்ற குடல் நோய், வயிற்றில் வழி வைத்துப் பை பொருத்தியிருத்தல், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்தல் எல்லாம் அதில் அடங்கும். பட்டியலில் இல்லாத நோயென்றாலும் டொக்டர் எழுதிக்கொடுத்தால் கேட்கலாம்.

“ஏன் அக்கா இவ்வளவு நாளும் கேக்கேல்லை?” என்றேன்.

“எங்களுக்கு ரெண்டு பிள்ளைக்குத்தானே காசு வருது. பிறகென்னெண்டு மூண்டு எண்டு சொல்லுறது?”

இந்தக் குழப்பத்தில் எத்தனையோ குடும்பங்கள் நிற்கின்றன. 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் காசு சேர்க்காத விதி பல வருடங்கள் இருந்தது. தண்ணீர்ப் படிவம் பார்ப்பதோ சைல்ட் பெனிபிட்டை. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அக்காவுக்குப் பிள்ளைக் கணக்கிலும் தகுதி இருந்தது, நோய்க் கணக்கிலும் இருந்தது. இதைக் கேட்டால் யூனிவர்சல் கிரெடிட் குறைந்துவிடுமோ என்று பயந்தார். குறையாது, இது பில்லில் தரும் சலுகை, வருமானம் அல்ல.

இல்ஃபோர்ட் பக்கம் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தண்ணீர் தருவது ஒரு கம்பனி, கழிவுநீரை எடுப்பது இன்னொன்று. இரண்டிலும் சலுகை பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

தனியாக இருக்கும் முதியவருக்கு வோட்டர்ஷுவரால் பயன் குறைவு. அவருடைய பில் சராசரியைத் தொடாது. அவர் கேட்க வேண்டியது வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் குறைந்த கட்டணத் திட்டம். அதற்குக் கம்பனிக்குக் கம்பனி விதி வேறு. ஒரே நாட்டில் தெரு மாறினால் உதவியும் மாறுவது நியாயமே இல்லை. யாராக இருந்தாலும், பில் திடீரென்று ஏறியிருந்தால் முதலில் எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பாருங்கள். ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிதான்.

எனக்கு ஆறாத விஷயம், இந்தச் சலுகையைப் பெரும்பாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருப்பது. வயிற்றில் பையோடு வாழ்கிறவரிடம் இன்னும் அப்படித்தானா என்று மறுபடியும் கேட்கிறார்கள். கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. கடை விளம்பரங்களோடு லாச்சிக்குள் போகிறது. சலுகை நின்றுவிடுகிறது.

அப்படிச் சலுகை நின்றுபோய் வந்த ஐயா ஒருவர், மற்றவர்கள் எழுந்து போகும்வரை சுவரோரம் காத்திருந்தார். இரவில் பையைக் கழுவும்போது மகனுக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயை நூலளவுக்குத்தான் திறப்பாராம். நோயின் பெயரை வாயால் சொல்லவில்லை. “நான் எழுதுறன் பிள்ளை” என்று பேனையை வாங்கி, அந்த ஒரு பெட்டியை மட்டும் தானே நிரப்பி, தாளை மடித்துத் தந்தார். பிறகு பைக்குள்ளிருந்து தமிழ்க் கடை கலண்டரை எடுத்து என் முன் விரித்து, அடுத்த முறை எப்போது என்று குறித்துத்தரச் சொன்னார். மாசி மாதத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: தண்ணிப் படிவம்.