அந்தரங்கமும் சம்மதமும்

கடிதத்தை உறையிலிட்டு ஒட்டித் தபாற்பெட்டியில் போடுகிறவர், ஏன் ஒட்டினார் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பது ஊரிலுள்ள தாயாரின் உடல்நலம் பற்றிய விசாரணையாக இருக்கலாம். மகளின் கலியாணச் செலவுக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்ற கணக்காக இருக்கலாம். இவற்றில் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும் வழியில் உள்ள எவரும் அதைப் பிரித்துப் படிக்கலாகாது என்பதை நாம் அனைவரும் இயல்பாகவே ஒப்புக்கொள்கிறோம். தம்மைப் பற்றிய செய்தி யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியலாகாது என்று முடிவு செய்யும் உரிமை அவரவர்க்கே உண்டு. ஆங்கிலத்தில் 'பிரைவசி' என வழங்கும் கருத்தின் சாரம் இதுவே.

இச்சொல்லைத் தமிழாக்குவது எளிதன்று. 'இரகசியம்' என்றால் மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்ற சாயல் வந்துவிடுகிறது. 'தனிமை' என்றால் துணையின்றி இருத்தல் என்று பொருள்படுகிறது. அண்மைக் காலத்தில் 'தனியுரிமை' என்னும் சொல் வழக்குக்கு வந்துள்ளது. சட்ட நூல்களுக்கு அது பொருந்தும். நெடுங்காலமாகப் பேச்சில் உள்ள 'அந்தரங்கம்' என்ற சொல்லையே நாம் இங்கு எடுத்துக்கொள்வோம். "நான் குற்றம் ஏதும் செய்யவில்லையே, எனக்கு அந்தரங்கம் எதற்கு?" என்று கேட்பவர் பலர். வீட்டுக்குக் கதவு வைத்திருப்பவர் எல்லாரும் உள்ளே திருட்டுப் பொருள் வைத்திருப்பவர் அல்லர் என்பதே அவர்களுக்கு விடை.

இந்த உரிமை நம் நாட்டில் சட்டத்தின் முழு ஆதரவைப் பெற நெடுங்காலம் ஆயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், 1898ஆம் ஆண்டின் தபால் சட்டமும், பொது நெருக்கடி அல்லது பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டுச் செய்திகளை இடைமறிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் அளித்தன. அவ்விரண்டுக்கும் பதிலாக 2023இல் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றிலும் இடைமறிக்கும் அதிகாரம் நீடிக்கிறது. எந்தச் சர்க்காரும் இவ்வதிகாரத்தை முற்றிலும் விட்டுக்கொடுக்க இயலாது என்பது உண்மையே. அதற்கு வரம்பு எது என்பதே வினா.

1962இல் கரக் சிங் என்பவரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கொள்ளை வழக்கொன்றில் போதிய சாட்சியம் இல்லாமையால் விடுவிக்கப்பட்ட பின்னரும், உத்தரப் பிரதேசப் போலீசார் அவரைக் கண்காணித்து வந்தனர். நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினர். இரவில் வீடு தேடிச் செல்வது செல்லாது என்று கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தரங்க உரிமை என ஒன்று அரசியல் சட்டத்தில் உறுதி செய்யப்படவில்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் அதற்கு உடன்படவில்லை. தனிமனித சுதந்திரத்தின் இன்றியமையாத கூறே அந்தரங்கம் என்று அவர் தனியே எழுதினார்.

1996இல் தொலைபேசியை ஒட்டுக்கேட்பது பற்றிய வழக்கில், அத்தகைய ஆணையை உள்துறைச் செயலாளரே பிறப்பிக்க வேண்டும், அது புதுப்பிக்கப்படாவிடில் இரண்டு மாதங்களில் காலாவதியாகும், மொத்தம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் விதிமுறைகள் வகுத்தது. இறுதியில், கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே. அதில் தலையிட ஒரு சட்டம் இருக்க வேண்டும், அச்சட்டத்துக்கு நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவை மீறலாகாது என்பன அத்தீர்ப்பின் சாரம். சுப்பா ராவின் கருத்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமாயிற்று.

இனி, இன்றைய கருவிகளைப் பார்ப்போம். கைபேசியில் நாம் அனுப்பும் செய்தி பல நிறுவனங்களின் கம்பிகளையும் கணினிகளையும் கடந்து செல்கிறது. அதைக் காப்பதற்கு அறிஞர்கள் கண்ட வழி சங்கேத முறை. 1976இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் ஒரு புதிய யோசனையை வெளியிட்டனர். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்பதே அது. நான் என் திறந்த பூட்டுகளைக் கேட்பவர்க்கெல்லாம் கொடுத்துவிடலாம். யாரும் அதில் பெட்டியைப் பூட்டி எனக்கு அனுப்பலாம். திறக்கும் சாவியோ என்னிடம் மட்டுமே இருக்கும். இவ்வடிப்படையிலிருந்து வளர்ந்த முறையினால்தான், வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் செல்லும் செய்தியை அந்நிறுவனமே படிக்க இயலாது என்கிறார்கள்.

இதில் ஒரு வழக்கும் எழுந்துள்ளது. குற்றமான செய்தியொன்றை முதன்முதல் அனுப்பியவர் யார் என்று கண்டறிந்து சொல்லும் வசதி பெரிய செய்திச் செயலிகளில் இருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் மத்திய சர்க்கார் விதிகள் கூறின. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களையும் கலகம் மூட்டும் வதந்திகளையும் தடுக்க இது வேண்டும் என்பது ஒரு கட்சி. ஒருவரைக் கண்டறிவதற்காக அனைவரின் செய்தியிலும் அடையாளம் பொறிக்க நேரும், போலீசாருக்கென வைத்த வாசலில் திருடனும் நுழைவான் என்பது மறு கட்சி. வாட்ஸ்அப் நிறுவனம் அவ்விதியை எதிர்த்து டில்லி ஐகோர்ட்டை அணுகியது. இரு கட்சியிலும் பொருள் உண்டு. ஆயினும் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால், சிலரைப் பிடிக்க அனைவரின் பூட்டையும் தளர்த்துவது அளவை மீறுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

செய்தி பூட்டப்பட்டிருந்தாலும் உறையின்மேல் எழுதியது வெளியேதான் இருக்கிறது. யாரோடு பேசினோம், எப்போது பேசினோம், அப்பொழுது எங்கே இருந்தோம் என்பன பல இடங்களில் பதிவாகின்றன. இவற்றை ஒன்றுசேர்த்தால் உள்ளிருக்கும் கடிதத்தைப் பிரிக்காமலே ஒருவரின் வாழ்க்கையை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். அன்றியும், பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லாமல் நாமே கதவைத் திறந்துவிடுவதும் உண்டு. அவ்வாறு திறக்கும் சாவிக்குப் பெயர்தான் சம்மதம்.

ஓர் உதாரணம் கூறலாம். வேறு மாநிலத்தில் வேலை பார்க்கும் ஒருவர், அவசரத்துக்குப் பணம் வேண்டிக் கைபேசியில் ஒரு கடன் செயலியை ஏற்றுகிறார். திரையில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நீண்ட வாசகம் தோன்றுகிறது. அடியில் 'சம்மதம்' என ஒரு பொத்தான். அவர் அழுத்துகிறார். அந்த ஒரு நொடியில், அவர் கைபேசியில் குறித்து வைத்துள்ள எண்கள் எல்லாம் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடுகின்றன. தவணை தவறியவுடன் ஊரிலுள்ள மாமனாருக்கும், பள்ளி ஆசிரியருக்கும், பக்கத்து வீட்டாருக்கும் அழைப்பு வருகிறது. கடன் சில ஆயிரம் ரூபாய். போனது ஊரில் இருந்த மானம். இத்தகைய கொடுமைகள் பெருகியதன் காரணமாகவே, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் கோப்புகளையும் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கட்டளையிட்டது.

அவர் சம்மதம் அளித்தாரே என்று வாதிக்கலாம். படிக்கவியலாத மொழியில் எழுதப்பட்ட பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இவ்விடத்தில்தான் நமக்கு முக்கியமாகிறது. சம்மதம் தடையற்றதாய், குறித்த காரியத்துக்கானதாய், விஷயமறிந்து அளித்ததாய், நிபந்தனையற்றதாய், ஐயத்துக்கிடமில்லாததாய் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. காரியத்துக்கு வேண்டிய தகவலுக்கு மட்டுமே சம்மதம் செல்லும். வைத்திய ஆலோசனை தரும் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் கேட்டு, ஒருவர் சம்மதித்துவிட்டாலும், வைத்தியத்துக்கு அவ்வெண்கள் வேண்டாதவையாதலால் அப்பகுதி செல்லாது என்று சட்டமே ஓர் உதாரணம் தருகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் கவனிக்க வேண்டிய விதி வேறொன்று. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் அல்லது அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படித்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. தொடக்கத்தில் 14 மொழிகளைக் கொண்ட அவ்வட்டவணையில் இன்று 22 மொழிகள் உள்ளன; தமிழ் தொடக்கம் முதலே இருப்பது. இவ்வுரிமை குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்ததன்று. சூரத்தில் இருந்தாலும் லூதியானாவில் இருந்தாலும் தமிழில் படித்தறிந்த பின் சம்மதிக்கவோ மறுக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. கடனைப் பொறுத்தவரை, வட்டி முதலிய முக்கிய விவரங்களைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் 2024இல் விதித்தது.

தகவலை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இச்சட்டம் இட்ட ஆங்கிலப் பெயரின் பொருள், நம்பி ஒப்படைத்ததைக் காக்கக் கடமைப்பட்டவர் என்பது. அண்டை வீட்டில் கொடுத்து வைத்த நகைக்கு அவர்கள் காவலரே, சொந்தக்காரர் அல்லர். தகவலும் அப்படியே. தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, அதை அளித்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். தவறான விவரத்தைத் திருத்தவும், தேவை முடிந்ததை அழிக்கவும் கோரலாம்.

சட்டத்தில் குறைகளும் உண்டு. சர்க்கார் குறிப்பிடும் அமைப்புகளுக்கு, நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களால் விலக்கு அளிக்க இடமிருக்கிறது. அவ்விலக்கின் எல்லை அகன்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் இதன் வாயிலாகத் திருத்தம் வந்தது. தனிநபர் தகவலாயினும் பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அப்பிரிவில் முன்பு இருந்த வாசகம் நீங்கியது. குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டம், அதிகாரிகளின் செயலை மறைக்கும் திரையாகிவிடலாகாது என்ற கவலை நியாயமானதே. மேலும், இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களுக்குரிய பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு அவை வகுக்கப்பட்டுள்ளன.

சட்டம் காக்கும் வரை காத்திராமல் நாமே செய்துகொள்ளக்கூடியவை சில. வீட்டு வாடகைக்கும் விடுதி அறைக்கும் ஆதார் நகல் கேட்பவரிடம், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அது கிடைக்கிறது. நகலின் குறுக்கே, எக்காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையொப்பமிடுவது நல்ல வழக்கம். நம் பெயரில் வேறு எவரேனும் சிம் கார்டு வாங்கியிருக்கிறார்களா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் பார்க்கலாம். கடன் செயலியை ஏற்றுமுன், ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலுள்ள பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடுவது நலம். பணமோசடி நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லலாகாது.

இவை யாவற்றிலும் முதன்மையானது, தமிழ் வாசகத்தைக் கேட்டுப் பெறுவது. எங்கள் போன்ற மொழிபெயர்ப்பாளர் பலர் உழைத்து ஒரு வாசகத்தைத் தமிழில் தந்தாலும், அதைக் கேட்பார் இல்லையெனில் நிறுவனங்கள் அதைத் திரையின் ஏதோ ஒரு மூலையில் ஒதுக்கிவிடும். ஆகவே அடுத்த முறை 'சம்மதம்' என்ற பொத்தான் உங்கள் முன் வரும்போது, மொழியை மாற்றும் இடம் எங்கே என்று முதலில் தேடுங்கள். தமிழ் இல்லையெனில் அந்நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு இரண்டு வரி எழுதுங்கள். படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையானால், மறுக்கும் பொத்தானும் உங்களுடையதே.